தோட்டக் குப்பையும் பீட் மண்ணும்

சதுப்பு நிலங்களில் பாசிகள் நீரில் மூழ்கி, காற்றுப் படாமல், முழுவதும் மக்காமல் படிவதால் உண்டாவது 'பீட்'. இது ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு மீட்டர் ஆழம் சேர ஆயிரம் ஆண்டுகள் ஆகும். இத்தகைய பொருளைத்தான் இங்கிலாந்து மக்கள் பூந்தொட்டிகளில் கொட்டித் தீர்த்தார்கள்.

இந்தப் பழக்கம் மிகப் பழையது அல்ல. அதற்கு முன் தோட்டக்காரர்கள் மக்கிய இலை, தொழுவுரம், தோட்டமண் ஆகியவற்றைத் தாங்களே கலந்துகொண்டனர். கலவை ஆளுக்கு ஆள் மாறியது. நோய் தாக்கி நாற்றுகள் அழுகின. 1930களில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் லாரன்ஸும் ஜான் நியூவெலும் இதற்குத் தீர்வு கண்டனர். கிருமி நீக்கிய மண் 7 பங்கு, பீட் 3 பங்கு, மணல் 2 பங்கு என்பது அவர்களது கலவைகளில் ஒன்று. பீட்டில் சத்து மிகக் குறைவு. ஆனால் அது எங்கும் ஒரே தரமாகக் கிடைத்தது, களை விதையும் குறைவு. அதனால்தான் இலைமக்கு தோற்றது. பிற்காலத்தில் மண்ணே இல்லாத, பெரும்பாலும் பீட்டால் ஆன கலவைகளும் கடைக்கு வந்தன.

இதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் இந்தியாவின் இந்தூரில் (1924-1931) செடிக்கழிவையும் சாணத்தையும் அடுக்கி, கிளறி, சில மாதங்களில் நல்ல உரமாக்கும் முறையை உருவாக்கினார். யஷ்வந்த் வாட் உடன் எழுதிய நூல் 1931-ல் வெளிவந்தது. ஆனால் தொட்டி மண் வணிகம் பீட் பக்கமே சென்றது.

1990-ல் இயற்கை அமைப்புகள் பீட்டுக்கு எதிராகப் பிரச்சாரம் தொடங்கின. உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதமே உள்ள பீட் நிலங்கள், காடுகள் அனைத்தையும் விட அதிகக் கார்பனைச் சேமித்துள்ளன. தோண்டினால் அது காற்றில் கலக்கும். இதற்கிடையே 1999-ல் வந்த ஐரோப்பிய சட்டம், மக்கும் குப்பையைப் புதைப்பதைக் குறைக்கச் சொன்னது. நகராட்சிகள் புல், கிளை, இலைகளைத் தனியே சேகரித்து உரமாக்கின. 2002-ல் அதற்குத் தர அளவுகோலும் வந்தது.

ஆயினும் இந்த உரத்தில் உப்பும் காரத்தன்மையும் அதிகம், எடையும் அதிகம். தனியே போட்டால் நாற்று வாடும். மரப்பட்டை, மரநார், தென்னைநார்க் கழிவு கலந்தால்தான் சரிவரும். 2020-க்குள் வீட்டுத் தோட்டங்களில் பீட் ஒழியும் என்று அரசு 2011-ல் வைத்த இலக்கு நிறைவேறவில்லை. 2024-க்குள் விற்பனைத் தடை என்று 2022-ல் அறிவித்ததும் உரிய காலத்தில் சட்டமாகவில்லை.

பீட் வென்றது சத்தினால் அல்ல, மாறாத தரத்தினால். குப்பை உரமும் அந்தத் தரத்தை எட்டினால் மட்டுமே, ஆயிரம் ஆண்டுச் சேமிப்பு தொட்டிக்குள் போவது நிற்கும்.