இசைத்தட்டில் பாட்டுக் கேட்கும் நாய் யாருடையது? ஹெச்.எம்.வி. ஓவியத்தின் கதை

திண்டுக்கல் பக்கத்து ஊர்களில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ரேடியோ செட் கட்டி இசைத்தட்டு போட்ட காலத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்க. பாட்டோடு ஒரு நாயும் ஞாபகத்துக்கு வரும். குழாய் முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் ஹெச்.எம்.வி. நாய். எம்.எஸ்.சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம் 1963-ல் வெளிவந்ததும் இந்த முத்திரையோடுதான்.

யார் இந்த நாய்?

பெயர் நிப்பர். 1884-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பிறந்தது. வீட்டுக்கு வருகிறவர்களின் காலைக் கவ்வப் பார்க்கும் என்பதால் இந்தப் பெயர். வளர்த்தவர் மார்க் பராட், நாடக மேடைக்குத் திரை வரைந்தவர். 1887-ல் அவர் இறந்ததும், ஓவியரான சகோதரர் பிரான்சிஸ் பராட் நாயைத் தன்னோடு வைத்துக்கொண்டார்.

இறந்த பிறகு வரைந்த படம்

1895-ல் நிப்பர் செத்துப்போனது. மூன்று வருஷம் கழித்துத்தான் பிரான்சிஸ் அதை வரைந்தார். போனோகிராஃபில் குரல் வந்தால் எங்கிருந்து வருகிறது என்று புரியாமல் அது உற்றுக் கேட்கும். அந்த முகம்தான் அவர் மனசில் நின்றது. 'எஜமானின் குரல்' என்று ஆங்கிலத்தில் தலைப்பு வைத்தார்.

முதலில் படத்தை வாங்க ஆளில்லை. போனோகிராஃப் விற்ற கம்பெனியே வேண்டாம் என்றது. 1899-ல் லண்டன் கிராமபோன் கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது: போனோகிராஃபை அழித்துவிட்டு எங்கள் கிராமபோனை வரைந்து கொடுங்கள். அவரும் மாற்றினார். படத்துக்கு 50 பவுண்டு, காப்புரிமைக்கு 50 பவுண்டு. அந்தப் பெயிண்டுக்கு அடியில் பழைய கருவியின் தடம் இன்றும் தெரியும்.

சவப்பெட்டி கதை உண்மையா?

'நாய் உட்கார்ந்திருப்பது எஜமானின் சவப்பெட்டி மேல், கேட்பது இறந்தவரின் குரல்' என்று ஒரு கதை சுற்றுகிறது. இதற்கு ஆதாரம் இல்லை. இன்னொன்றும் கவனிங்க. போனோகிராஃபில் வீட்டிலேயே குரலைப் பதிவு செய்யலாம். கிராமபோனில் முடியாது, கடையில் வாங்கிய தட்டை ஓட்ட மட்டும்தான் முடியும். கருவியை மாற்றியதுமே தலைப்புக்கும் படத்துக்கும் பொருத்தம் போய்விட்டது. நாயின் முகம் மட்டும் மாறவில்லை.

பிறகு என்ன ஆனது?

1924-ல் இறக்கும் வரை, கம்பெனிக்காக இதே படத்தை பிரான்சிஸ் 24 முறை திரும்ப வரைந்து கொடுத்தார். இந்தியாவில் இந்த முத்திரையோடு தட்டு வெளியிட்ட நிறுவனம்தான் 2000-ல் 'சரிகம' என்று பெயர் மாறியது. நிப்பரைப் புதைத்த கிங்ஸ்டன் நகரில் ஒரு சந்துக்கு 2010-ல் அதன் பெயரையே வைத்தார்கள்.