ஐயமும் சான்றும்

ஐயம் சான்றாகுமா? இலங்கைப் பல்கலைக்கழக வரலாற்றில் இவ்வினா புதியதன்று. தமிழ்ப் பரீட்சகர் தம்மொழி மாணவர்க்குப் புள்ளிகளை வாரி வழங்கினர் என்ற ஐயம் 1970இல் எழுந்தது. அதனையொட்டிப் பேராதனைப் பொறியியற் பீட அனுமதிக்கு 400 புள்ளிகளுள் சிங்கள மொழிமூலத்தார்க்கு 227உம், தமிழ் மொழிமூலத்தார்க்கு 250உம் வேண்டப்பட்டன. ஐயம் பரீட்சகர்மேல், தண்டம் மாணவர்மேல். தனித்த விடைத்தாளன்றி, எழுதிய மொழியே குற்றமாயிற்று.

இன்று அத்தகைய ஐயத்தை இயந்திரம் எழுப்புகின்றது. ஒரு கட்டுரை செயற்கை நுண்ணறிவு எழுதியதா என உரைக்கும் கருவிகள் பல, அடுத்து வருஞ்சொல் எவ்வளவு எதிர்பார்க்கத்தக்கது என்பதையே அளப்பன. இரண்டாம் மொழியில் எழுதுவோர் பழகிய சொற்களையே பெரிதும் ஆள்வர். ஆதலின் அவர்தம் எழுத்து இயந்திரத்தினதெனத் தோன்றும். 2023இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழக ஆய்வாளர் ஏழு கருவிகளைச் சோதித்தனர். ஆங்கிலம் தாய்மொழியல்லாதார் எழுதிய 91 கட்டுரைகளுள் சராசரியாக 61 வீதமானவை தவறாக இயந்திர எழுத்தெனப்பட்டன. அவ்வாண்டு ஜூலையில் ஓப்பன்ஏஐ நிறுவனமும் தன் கருவியைத் துல்லியக் குறைவினாற் கைவிட்டது.

மாங்குளத்திலிருந்து வந்து ஆங்கிலத்தில் ஒப்படை எழுதும் மாணவரை இத்தகைய எண்ணொன்று குற்றவாளியாக்குதல் தகாது. வரைவுகளை நோக்குக, நேரில் வினவுக. மொழியைக் கொண்டு மாணவரை ஐயுறுதலின் விளைவை நம் வரலாறு முன்னரே கண்டுள்ளது.