உப்பு, உமி, மின்சாரம்: தஞ்சையில் குளிர் வீட்டுக்கு வந்த வரலாறு

சமையல் மேடையின்மீது மிக்சிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய சிறிய ஐஸ்கிரீம் எந்திரங்கள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. காய்ச்சி ஆறவைத்த பாலையும் சர்க்கரையையும் ஊற்றிப் பொத்தானை அழுத்தினால், முக்கால் மணி நேரத்துக்குள் மென்மையான ஐஸ்கிரீம் திரண்டுவிடுகிறது. ஒருகாலத்தில் திரையரங்க வாசல்களிலும் பொருட்காட்சித் திடல்களிலும் மட்டும் கிடைத்த ‘சாஃப்டி’ இப்போது வீட்டுக்குள் வந்துவிட்டது. ஒரு விளையாட்டுப் பொருளைப்போலத் தோன்றும் இந்த எந்திரத்துக்குப் பின்னே ஏறத்தாழ இருநூறாண்டு வரலாறு இருக்கிறது. காவிரிப் படுகையைப் பொறுத்தவரை அது ஐஸ்கிரீமின் வரலாறு என்பதைவிடக் குளிரின் வரலாறு என்பதே பொருந்தும். குளிர் யார் கையில் இருந்தது, யாரிடமிருந்து யாரிடம் போயிற்று என்பதே அதன் மையக் கேள்வி.

ஐஸ்கிரீமுக்கு வேண்டிய பொருள்களில் பெரும்பாலானவை தஞ்சையில் எப்போதும் இருந்தவை. பால் இருந்தது. கரும்பு இருந்தது. வேதாரண்யத்தில் உப்பு விளைந்தது. நெல் அரைத்த இடமெல்லாம் உமி மலையாய்க் குவிந்தது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: குளிர். நம் மொழியே இதற்குச் சாட்சி. ‘பனி’ என்றால் டெல்டாக்காரருக்கு மார்கழி விடியலில் வைக்கோற்போரை நனைக்கும் ஈரம். அது கட்டியாகும் என்பது கண்ணால் கண்ட செய்தி அல்ல. ‘உறை’ என்ற சொல்லோ பாலில் உறை ஊற்றித் தயிராக்குவதற்கே வீட்டில் பயன்பட்டது. பனியையும் கட்டியையும் சேர்த்துப் புதிய சொல் செய்துகொள்ள வேண்டியிருந்தது.

வட இந்தியாவில் நிலைமை வேறு. அக்பரின் அரண்மனையில் வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்துக் குளிர்ச்சி உண்டாக்கியதை அபுல் பசல் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய அயினி அக்பரி பதிவு செய்கிறது. இமயமலையிலிருந்து பனிக்கட்டியும் அங்கே கொண்டுவரப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் அலகாபாத் பக்கத்தில் குளிர்கால இரவுகளில் காய்ந்த தட்டைகள் பரப்பிய குழிகளுக்குள் ஆழமில்லாத மண்தட்டுகளில் தண்ணீரை வைத்து, விடியலில் மெல்லிய பனித்தகடுகளை எடுத்ததைச் சர் ராபர்ட் பார்க்கர் 1775இல் விவரித்திருக்கிறார். தெளிந்த வானம், வறண்ட காற்று, குளிர்ந்த இரவு மூன்றும் சேர்ந்தால்தான் அது நடக்கும். வாய்க்காலும் வயலும் கடலும் சூழ்ந்த தஞ்சையின் ஈரக்காற்றில் அதற்கு வழியே இல்லை. இங்கே கோடையைத் தணித்தவை மண்பானையும் வெட்டிவேரும் நீர்மோரும் பானகமும்தான். மண்பானை தண்ணீரைக் குளிர்விக்கும், உறையவைக்காது.

இரண்டாம் சரபோஜி மன்னரின் காலத்தை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். 1798 முதல் 1832 வரை தஞ்சை அரியணையில் இருந்த அவர் ஐரோப்பிய நூல்களையும் மருத்துவத்தையும் கருவிகளையும் ஆர்வத்தோடு சேர்த்தவர். அவர் காலத்துச் சமையல் நூலான சரபேந்திர பாகசாஸ்திரம் ஆங்கிலேயர் உணவு முறைகளுக்கும் இடம் தந்தது. ஆனால் சரபோஜி 1832 மார்ச்சில் காலமானார். அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து பனிக்கட்டி ஏற்றிய முதல் கப்பல் கல்கத்தாவை அடைந்தது 1833 செப்டம்பரில். உலகத்துப் புதுமைகளையெல்லாம் தேடிப் பிடித்த ஓர் அரசர் ஒன்றரை ஆண்டு இடைவெளியில் பனிக்கட்டியைத் தவறவிட்டிருக்கிறார்.

அந்தக் கப்பலை அனுப்பியவர் பிரடெரிக் டியூடர் என்ற வணிகர். குளிர்காலத்தில் மாசசூசெட்ஸ் குளங்களில் உறைந்த பனியைச் சதுரம் சதுரமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, நான்கு மாதக் கடற்பயணத்தில் இந்தியாவுக்கு அனுப்பினார். முதல் கப்பலில் ஏற்றிய 180 டன்னில் 100 டன் அளவு கரையாமல் வந்து சேர்ந்தது என்பார்கள். சென்னைக் கடற்கரையில் 1842இல் அவருக்காக ஒரு பனிக்கட்டிக் கிடங்கு எழுந்தது. அதுதான் ஐஸ் ஹவுஸ். 1897இல் விவேகானந்தர் தங்கிய அந்தக் கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லம்.

இதற்கு அடுத்த ஆண்டு, 1843இல், பிலடெல்பியாவைச் சேர்ந்த நான்சி ஜான்சன் என்ற பெண்மணி கையால் சுற்றும் ஐஸ்கிரீம் வாளிக்குக் காப்புரிமை பெற்றார். மரவாளிக்குள் ஓர் உலோகக் குவளை, குவளைக்குள் துடுப்பு, வெளியே கைப்பிடி. இடைவெளியில் உடைத்த பனிக்கட்டியும் கல்லுப்பும். சமையலறை அறிவியலில் இதைப்போல எளிமையான அற்புதம் குறைவு. உப்பு கலந்தால் பனிக்கட்டி சுழியன் வெப்பநிலைக்குக் கீழேயும் உருகும். உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தை அது பக்கத்தில் உள்ள பாலிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். சரியான விகிதத்தில் கலந்தால் கலவையின் வெப்பநிலை சுழியனுக்குக் கீழே 21 பாகை வரை இறங்கும். மூன்று நான்கு பங்கு பனிக்கட்டிக்கு ஒரு பங்கு உப்பு என்பது நடைமுறைக் கணக்கு. குளிரைத் தருவது பனிக்கட்டி என்றாலும் அதைப் பாலுக்குள் செலுத்துவது உப்புதான்.

ஆக, ஒரு வீட்டில் ஐஸ்கிரீம் செய்ய ஒரு கிலோவுக்குக் குறையாத உப்பைக் கரைத்துக் கீழே கொட்ட வேண்டும். இன்று இது பெரிய செய்தியல்ல. ஆனால் ஆங்கிலேயர் காலத்துத் தஞ்சையில் உப்புக்கு வரி இருந்தது. 1923இல் மணங்கு ஒன்றுக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, இரண்டரை ரூபாயாக உயர்த்தப்பட்டு, எதிர்ப்புக்குப் பிறகு மறு ஆண்டு ஒன்றேகால் ரூபாயாகக் குறைக்கப்பட்டது அந்த வரி. பழையசோற்றுக்கு உப்புப் போட்டுக்கொள்ளும் கூலியாளும் அதே விகிதத்தில்தான் வரி கட்டினார். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் புறப்பட்டு, தஞ்சை மாவட்டத்தின் ஊர்கள் வழியே நடந்து, 28ஆம் தேதி வேதாரண்யம் அடைந்து, 30ஆம் தேதி உப்பள்ளினார்களே, அந்த நடை இந்த மாவட்டத்தின் மண்ணில்தான் நிகழ்ந்தது. வழியில் தொண்டர்களுக்குச் சோறு போடக் கூடாது என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் அச்சுறுத்தியதும், மக்கள் அதை மீறி உணவளித்ததும் யாவரும் அறிந்தவை. கடலோரத்தில் தானே விளையும் பொருளுக்கு உரிமை கேட்க 150 மைல் நடக்க வேண்டியிருந்த ஒரு நாட்டில், உப்பைக் குளிருக்காகக் கரைத்துக் கொட்ட யாரால் முடிந்திருக்கும்? உப்பு வரி நீங்கியது 1947இல்தான்.

பனிக்கட்டியின் நிலையோ அதற்கு முன்பே மாறத் தொடங்கியிருந்தது. 1874இல் சென்னையில் இன்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி எந்திரத்தால் பனிக்கட்டி செய்யத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்கக் குளத்துப் பனிக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் எந்திரத்துக்கு விசை வேண்டும். தஞ்சைக்கு அந்த விசை வந்த வழி நம் கவனத்துக்கு உரியது. 1934இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. 1937இல் அங்கே நீர்மின் உற்பத்தி தொடங்கியது. திருச்சி, தஞ்சை, நாகை என்று கம்பிகள் நீண்டன. குறுவைக்கும் சம்பாவுக்கும் பாய்ந்த அதே காவிரி, வயலுக்கு வருமுன் சுழலியைச் சுற்றிவிட்டு வந்தது. நெல்லைத் தந்த ஆறு குளிரையும் தந்தது என்றால் அது வெறும் அலங்காரப் பேச்சு அல்ல.

மின்சாரத்தோடு ஐஸ் பேக்டரிகள் வந்தன. கடலோர ஊர்களில் மீனுக்காகவும், உள்ளூர்களில் சோடாக்கடை, சர்பத் கடை, கல்யாணப் பந்தல்களுக்காகவும் பனிக்கட்டிப் பாளங்கள் உருவாயின. பாளத்தைச் சாக்கில் சுற்றி, உமியிலோ மரத்தூளிலோ புதைத்து, மிதிவண்டியின் பின்னிருக்கையில் கட்டிக் கொண்டுபோவார்கள். உமிக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. மரத்தூளால் டியூடர் செய்த வேலையை இங்கே நெல்லின் தோல் செய்தது. வசதியுள்ள வீடுகளில் கையால் சுற்றும் வாளி வந்து சேர்ந்த கதையும் இதற்குப் பிறகுதான் பரவலாகிறது. அரைமணி நேரம் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். பால் இறுக இறுகக் கை ஓயும். பெரிய மிராசு வீடுகளில் கைப்பிடியைச் சுற்றிய கையும் கிண்ணத்தை ஏந்திய கையும் ஒன்றாக இருந்திருக்க வாய்ப்பில்லை. காவிரிப் படுகையின் நிலவுடைமை வரலாற்றை அறிந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

குளிரை எல்லோருக்கும் உரியதாக்கியது அந்த வாளி அல்ல, குச்சி ஐஸ். தண்ணீர், சர்க்கரை அல்லது சாக்கரின், கொஞ்சம் சாயம். விலை கூடினால் பால் ஐஸ், சேமியா ஐஸ். மரப்பெட்டியைக் கட்டிய மிதிவண்டியில் ஐஸ்காரர் மணியடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தார். அறுவடைக் காலத்தில் களத்துமேட்டுக்கே வந்தார். கையில் காசில்லாத பிள்ளைகள் நெல்லைக் கொடுத்து ஐஸ் வாங்கினார்கள். கூலியும் நெல்லாகவே அளக்கப்பட்ட நாட்டில் இது இயல்பான பண்டமாற்று. வயலில் வேலை செய்த பெற்றோரின் நெல் பிள்ளையின் கையில் ஒரு குச்சி ஐஸாக மாறியது. ஐஸ் ஹவுஸ் கட்டிய காலத்தில் ஆங்கிலேயக் குடும்பங்களும் பெரும் செல்வரும் மட்டுமே சுவைத்த குளிரை ஒரு கைப்பிடி நெல்லுக்கு அடையக்கூடிய பண்டமாக்கிய அந்த மிதிவண்டிக்காரர்களை நம் சமூக வரலாறு இன்னும் போதிய அளவு எழுதவில்லை.

இதே குச்சி ஐஸிலிருந்துதான் தமிழ்நாட்டின் பெரிய ஐஸ்கிரீம் நிறுவனம் ஒன்றும் பிறந்தது. 1970இல் சென்னை ராயபுரத்தில் ஆர். ஜி. சந்திரமோகன் பதின்மூன்றாயிரம் ரூபாய் முதலீட்டில் ஐஸ் தயாரிக்கத் தொடங்கினார். பின்னாளில் அருண் ஐஸ்கிரீம், பெருநகரப் போட்டியைத் தவிர்த்து மாவட்டத் தலைநகரங்களையும் சிற்றூர்களையும் நோக்கிச் சென்று வளர்ந்தது.

வீட்டுக்குள் குளிர் நிலைத்தது குளிர்பதனப் பெட்டியால். இந்தியாவில் கோத்ரெஜ் நிறுவனம் 1958இல் அதைத் தயாரிக்கத் தொடங்கினாலும் டெல்டாக் கிராமங்களுக்கு அது வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. பெட்டியின் உறைபகுதியில் கஸ்டர்ட் பவுடர் கலந்த பாலைத் தட்டில் ஊற்றி வைத்த வீடுகளுக்கு ஓர் ஏமாற்றம் காத்திருந்தது. அசையாமல் உறைந்த பாலில் பெரிய பெரிய பனிப்படிகங்கள் உருவாகும், வாயில் நறநறக்கும். பாதி உறைந்ததும் எடுத்து அடித்து மறுபடி வைக்க வேண்டும். அந்த வேலையை மிக்சி எளிதாக்கியது. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர் திட்டம், பிற வேலைகளோடு இந்த வேலைக்கும் கூரைவீடுகளில் கருவி தந்தது.

மேடை எந்திரம் செய்வது என்ன? உறைதலையும் அடித்தலையும் ஒரே இடத்தில் சேர்க்கிறது. சுவர் குளிரும்போதே துடுப்பு சுழன்று அங்கே படியும் மெல்லிய பனியைச் சுரண்டி எடுக்கிறது. காற்றையும் உள்ளே கலக்கிறது. சுழியனுக்குக் கீழே ஐந்தாறு பாகையில் பாலின் தண்ணீரில் பாதியளவே உறைந்திருக்கும். அந்த நிலையில் எடுத்து உடனே உண்பதுதான் மென் ஐஸ்கிரீம். அமெரிக்காவில் டாம் கார்வெல் 1934இல் பழுதான வண்டியில் உருகத் தொடங்கிய ஐஸ்கிரீமை விற்று இதன் சந்தையைக் கண்டுகொண்டார் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. 1984இல் ஜப்பானிலிருந்து வந்த டான்வியர் எந்திரத்தில், குளிர்திரவம் அடைத்த குவளையை முன்கூட்டியே உறையவைத்துக்கொண்டால் போதும். உப்பும் வேண்டாம், பனிக்கட்டியும் வேண்டாம். இன்றைய விலையுயர்ந்த எந்திரங்களில் அழுத்தியும் உள்ளேயே இருக்கிறது. டெல்டா வீடுகளுக்கு ஒரு குறிப்பு: ஒரு கரண்டி பச்சரிசி மாவைப் பாலோடு சேர்த்துக் கஞ்சிப்பதமாகக் காய்ச்சி, நன்கு ஆறவைத்து ஊற்றினால் மாவுச்சத்து தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், படிகங்கள் சிறுக்கும். கடையில் வாங்கும் சோளமாவு செய்வதும் இதுவே.

இவ்வாறாக உப்பு விலகிற்று, உமி விலகிற்று, சுற்றிய கையும் விலகிற்று. குளிர் இறுதியாக வீட்டாரின் சொந்தமாகிவிட்டது என்று சொல்லலாமா? 2012ஆம் ஆண்டு மின்வெட்டில் நாளின் பாதிக்குமேல் இருளில் கழித்த தஞ்சை வட்டாரம் அப்படிச் சொல்லாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. குளிர்பதனப் பெட்டிகள் வெறும் அலமாரிகளாயின. வேதாரண்யத்து உப்பளங்களைக் கடற்சேறு மூடியது. ராஜாஜியும் தொண்டர்களும் உப்பள்ளிய அதே கரை அது.

மரவாளிக் காலத்தில் குளிர் எங்கிருந்து வருகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது: பாளத்தைச் சுமந்தவர், உப்பை விளைவித்தவர், கைப்பிடியைச் சுற்றியவர். இன்றும் அத்தனை பேரும் இருக்கிறார்கள். அணையில், கம்பத்தில், துணைமின் நிலையத்தில். சுவருக்குப் பின்னால் போய்விட்டதால் நாம் அவர்களை எண்ணுவதில்லை, அவ்வளவுதான். கஜாவுக்குப் பிறகு பிற மாவட்டங்களிலிருந்தும் வந்து, சேற்றில் நின்று கம்பம் நட்ட மின்வாரிய ஊழியர்களை அந்த ஊர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கின்றன. பொத்தானை அழுத்திச் செய்யும் ஐஸ்கிரீமும் அவர்கள் கையால் செய்ததுதான்.