ஜீப்பின் முன்சக்கர ஹப்: பெங்களூருவின் எழுதப்படாத தொழில்நுட்ப வரலாறு

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடித்தவர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. பழுது பார்த்தவர்கள் அதில் அரிதாகவே தென்படுகின்றனர். டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளியிட்ட ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்’ என்னும் நூல் இவ்விடைவெளியைச் சுட்டியது. பெங்களூருவின் ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளையும் சிவாஜிநகரின் பழைய வண்டிச் சந்தையையும் இந்நோக்கில் அணுகுவோருக்கு ஜீப்பின் முன்சக்கர ஹப்பைவிட நல்ல நுழைவாயில் அமையாது.

இரண்டாம் உலகப் போரின்போது வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு அமெரிக்க நிறுவனங்களும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளை உற்பத்தி செய்தன. அப்போது பெங்களூரு ஒரு முக்கியப் படைத்தளமாக விளங்கியது. இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆலையை 1943 முதல் அமெரிக்க விமானப்படையே தன் பழுதுபார்ப்பு நிலையமாக நடத்தியது. போருக்குப் பின் 1947இல் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி இணைக்கத் தொடங்கியது. குடகு, சிக்கமகளூரு காப்பித் தோட்டங்களின் மலைப்பாதைகளில் அவ்வண்டி வேரூன்றியது.

அந்த ஜீப்பில் ஒரு குறை இருந்தது. முன் ஆக்சிலின் தண்டும் சக்கர ஹப்பும் நிலையாகவே பிணைக்கப்பட்டிருந்தன. ஓட்டுநர் இருசக்கர இயக்கத்தில் சென்றாலும் முன்சக்கரங்கள் தம்மோடு தண்டையும் டிஃபரன்ஷியலையும் முன் புரொப்பெல்லர் ஷாஃப்டையும் வீணே சுழற்றிக்கொண்டிருந்தன. எரிபொருள் விரயம், தேய்மானம், இரைச்சல் ஆகியவை அதன் விளைவுகள். 1948இல் சியாட்டில் நகரில் ஆர்தர் வார்ன் இதற்குத் தீர்வாகப் பூட்டும் ஹப்பைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். அது ஹப்புக்கும் தண்டுக்கும் இடையே உள்ள பிணைப்பை வேண்டும்போது சேர்க்கவும் வேண்டாதபோது விடுவிக்கவும் வழி செய்தது. இதற்காக ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, சேற்றில் இறங்கிக் கையால் திருக வேண்டும். இந்தியாவில் 1985இல் வந்த மாருதி ஜிப்சி வண்டிகள் பலவற்றிலும் இத்தகைய ஹப்புகளே இருந்தன.

வரலாற்றில் வார்னின் பெயர் நிற்கிறது. ஆனால் பட்டறைக்கு வாழ்வளித்தது ஹப்பின் உள்ளே இருக்கும் பேரிங்தான். கூம்பு வடிவ உருளைகள் கொண்ட பேரிங்குக்கு ஹென்றி டிம்கென் 1898இல் காப்புரிமை பெற்றார். பக்கவாட்டு விசையையும் எடையையும் ஒருங்கே தாங்குவது அதன் சிறப்பு. வில்லிஸ் ஜீப்பின் முன்ஹப்பில் உட்புறமும் வெளிப்புறமும் ஒரே அளவு பேரிங் அமைந்தது: உருளைத் தொகுதிக்கு 18590, வெளி வளையத்துக்கு 18520. வில்லிஸ் என்னும் நிறுவனப் பெயர் 1963இல் மறைந்தது. அந்த எண்கள் மறையவில்லை. கடைக்காரருக்கு எண் போதும், வண்டியின் பெயரோ ஆண்டோ வேண்டியதில்லை. ஒரு பழைய வண்டியின் ஆயுளை அதன் உற்பத்தியாளரைக் காட்டிலும் இத்தகைய பொது அளவுகளே நீட்டித்தன எனக் கொள்வது மிகையாகாது.

பேரிங் மாற்றுவது எளிய வேலையன்று. தேய்ந்த வெளி வளையத்தை ஹப்பிலிருந்து தட்டி எடுத்து, புதிய உருளைத் தொகுதியோடு புதிய வளையத்தையே சேர்க்க வேண்டும். பழையதோடு புதியதைச் சேர்த்தால் இரண்டும் கெடும். உள்ளங்கையில் கிரீஸ் வைத்து, உருளைகளின் இடைவெளியெங்கும் அது புகும்வரை அழுத்த வேண்டும். பின்னர்தான் உண்மையான சோதனை. ஸ்பிண்டிலில் உள்ள நட்டை, சக்கரத்தைச் சுழற்றியபடியே இறுக்கி, அது சிக்கும் நிலை வந்ததும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குச் சுற்று தளர்த்துமாறு வில்லிஸ் கையேடு கூறுகிறது. அதன்மேல் வாஷரும் இரண்டாம் நட்டும் வந்து அந்நிலையைப் பூட்டும். மிகுதியாக இறுக்கினால் பேரிங் சூடேறிக் கருகும். தளர்வாக விட்டால் சக்கரம் ஆடி ஸ்பிண்டிலையே அரித்துவிடும். மலைச்சரிவில் அதன் விலை என்னவென்று தோட்டத்து ஓட்டுநர்களுக்குத் தெரியும். டயரின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டிப் பார்க்கும் பழக்கம் அந்த அச்சத்தின் பிள்ளை. கையேடு ‘ஆறில் ஒரு பங்கு’ என்று எழுதிவிடலாம். ‘சிக்கும் நிலை’ எது என்பதைக் கைதான் சொல்ல வேண்டும். அக்கையின் அறிவு தமிழும் தக்கனி உருதும் கன்னடமும் கலந்த கண்டோன்மென்ட் பேச்சில் குருவிடமிருந்து சீடனுக்குச் சென்றதேயன்றி ஏடேறவில்லை.

இச்சங்கிலியின் ஒரு கண்ணி இப்போது அறுந்துவருகிறது. 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவை நீக்கி, பதிவுபெற்ற உடைப்பகங்களில் ஒப்படைக்கும் விதி 1 ஏப்ரல் 2023 முதல் நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்புப் பணிக்கான சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. முன்பு இத்தகைய துறை ஜீப்புகள் ஏலத்துக்கு வந்து, பிரிக்கப்பட்டு, அவற்றின் ஸ்பிண்டில்களும் ஹப்புகளும் வேறு வண்டிகளில் மறுபிறவி எடுத்தன. 18590ஐ இன்றும் புதிதாக வாங்கலாம். அரித்துப்போன ஸ்பிண்டிலுக்கு மாற்று தேடுவோர் சிவாஜிநகரின் குவியல்களையே நம்பியிருந்தனர். அக்குவியல்களுக்குப் புதிதாக வந்து சேரும் ஜீப்புகள் குறைந்துகொண்டே செல்கின்றன.