பள்ளிவாசல் தண்ணீரும் கொச்சிக் கழியின் இருப்புக் கணக்கும்

பள்ளிவாசல் என்றதும் நம்மவர்களுக்குத் தேயிலையும் கரண்டும்தான் நினைவுக்கு வரும். மூணாறுக்குக் கீழே, முதிரப்புழை ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் இறக்கி 1940ஆம் ஆண்டு திருவிதாங்கூர் அரசு மின்சாரம் எடுத்த இடம் அது. இன்றைய கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் என்ற பெருமை அதற்கு உண்டு, 37.5 மெகாவாட் சக்தி. 'பள்ளி' என்ற சொல் சமணத் துறவிகளின் இருப்பிடத்துக்கும் வழங்கிய பழஞ்சொல் என்பது பலருக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு இந்த மலையூருக்கு ஒரு சமணக் கதை கட்டும் எண்ணம் எனக்கு இல்லை. நான் சொல்ல வந்தது தண்ணீர் சமாசாரம். இந்தத் தண்ணீர் கடைசியில் போய்ச் சேரும் உப்பங்கழியில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று முதலில் ஏடெடுத்து எழுதியவர் யார், அந்தக் கணக்கு இன்று எதற்கு ஆகும் என்பதே இக்கட்டுரை.

முதலில் தண்ணீர் போகும் வழியைப் பார்த்துவிடுவோம். பள்ளிவாசலில் சக்கரத்தைச் சுற்றிவிட்டு வெளியே வரும் நீர் வீணாகப் போவதில்லை. அதையே மேலே ஏற்றிச் செங்குளத்தில் தேக்கி 1954இல் இன்னொரு மின் நிலையம் ஓட்டினார்கள். அதற்கும் கீழே நேரியமங்கலம், 1961இல். இப்படி மூன்று இடத்தில் வேலை செய்துவிட்டு அந்தத் தண்ணீர் பெரியாற்றில் கலக்கிறது. பெரியாறு ஆலுவாவில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை சாலக்குடி ஆற்றோடு சேர்ந்து முனம்பத்தில் கடலுக்குப் போகும். மற்றது வராப்புழைப் பக்கமாகக் கொச்சிக் காயலில் விழும். நம்மில் கொச்சியில் குடியிருக்கும் குடும்பங்கள் தினமும் பாலத்தைத் தாண்டும்போது கீழே பார்க்கும் நீரில் பள்ளிவாசல் நீரும் கலந்திருக்கிறது.

கழி என்பது ஆறும் அல்ல, கடலும் அல்ல. ஒரு நாளில் இரண்டு முறை ஓதம் ஏறும், இரண்டு முறை வற்றும். கொச்சியில் அந்த ஏற்றம் ஒரு மீட்டருக்குள்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு மீட்டரை நம்பியே சீனவலைக்காரன் பிழைக்கிறான். கடல் நீரில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு. ஆனி, ஆடி மழையில் ஆறு பெருகி வரும்போது கழியில் அந்த உப்பு கிட்டத்தட்ட இல்லாமலே போகும். மாசி, பங்குனியில் திரும்ப வந்துவிடும். ஆக ஒரே இடத்தில் ஆடி மாதம் ஒரு கூட்டம் உயிர்கள், பங்குனி மாதம் வேறு கூட்டம். கரிமீன், மடவை, கொடுவா போன்ற சிலதான் இரண்டையும் தாங்கும். ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டுக் கழியில் இன்ன மீன் உண்டு, இன்னது இல்லை என்று யாராவது சொன்னால் நம்பவே கூடாது.

மீன் தின்னாத சமணனுக்கு மீன் கணக்கு எதற்கு என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் சமயத்தில் உயிர்களை அறிவு எண்ணிக்கையால் வகுப்பது அடிப்படைப் பாடம். சங்கு, நத்தை ஈரறிவு, மீன் ஐயறிவு. தொல்காப்பிய மரபியலிலும் நத்தைக்கு ஈரறிவு, நண்டுக்கு நாலறிவு என்று இதே போன்ற வகுப்பு வருகிறது. தொல்காப்பியரைச் சமணர் என்று வையாபுரிப்பிள்ளை கருதியதற்கு இதுவும் ஒரு காரணம். மறுப்பவர்களும் உண்டு, அந்த வழக்கு இங்கே வேண்டாம். நான் சொல்ல வருவது வேறு. எங்கள் வீடுகளில் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்க வேண்டும். வடிகட்டிய துணியில் தங்கும் நுண்ணுயிர்களைக் கண்ட இடத்தில் உதறக் கூடாது. எந்தக் கிணற்றில் எடுத்தோமோ அதே கிணற்றில் விட வேண்டும். ஒரு நீரில் பிறந்த சீவன் மற்றொரு நீரில் பிழைக்காது என்பது அதற்குச் சொல்லும் காரணம். உயிரோடு அதன் இருப்பிடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று இன்றைய விஞ்ஞானிகள் சொல்வது இதுதானே. எந்த உயிர் எங்கே இருக்கிறது என்று தெரியாதவன் அதற்குத் தீங்கு செய்யாமல் இருப்பது எப்படி?

சரி, வரலாற்றுக்கு வருவோம். நம் கரை மீன்களை ஐரோப்பிய விஞ்ஞான முறையில் ஏட்டில் ஏற்றும் வேலை தொடங்கிய இடங்களில் முக்கியமானது தரங்கம்பாடி. அங்கே டேனிஷ் மிஷனில் இருந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் பாதிரியார் கழியிலும் கடலிலும் கிடைத்த மீன்களைப் பெர்லினில் இருந்த பிளாக் என்ற மருத்துவருக்கு அனுப்பிவைத்தார். பிளாக் ஒரு மீன் இனத்துக்கு ஜானின் பெயரையே வைத்து 'ஜானியஸ்' என்றார். அதில் ஒரு வகைக்கு 'கருட்டா' என்று பெயர். லத்தீன் மாதிரி தெரிகிறது அல்லவா? நம் பரதவர் சொன்ன 'கறுத்த கத்தாளை'தான் அப்படி ஆகிவிட்டது! பிடித்துக் கொடுத்தவன் பெயர் எங்கும் இல்லை. அவன் வாயில் வந்த சொல் மட்டும் 1793 முதல் உலகமெங்கும் உள்ள மீன் நூல்களில் நிற்கிறது. பனைமரத்தில் ஏறும் மீனைக் கண்டதாகத் தரங்கம்பாடியிலிருந்து டால்டார்ஃப் என்ற டேனிஷ்காரர் எழுதியது 1797இல் லண்டனில் அச்சாகிப் பெரிய வியப்பை உண்டாக்கியது. நம் சனங்கள் அந்த மீனுக்குப் 'பனையேறி' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

இந்த அனுப்புமுறையில் ஒரு குறை உண்டு. வியாபாரிகளுக்கு இது எளிதில் புரியும். சரக்கோடு சீட்டும் சரியாக வர வேண்டும். கரிமீனுக்கு 1790இல் பிளாக் இட்ட பெயர் 'சூரத்து மீன்' என்று பொருள்படும். கரிமீனோ தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய மீன். குஜராத்துச் சூரத் எங்கே, நம் காயல் எங்கே! ஆனாலும் அந்தப் பெயர் ஒட்டியது ஒட்டியதுதான். பெர்லினில் உட்கார்ந்து சீசாவைப் பார்த்து எழுதினால் இப்படித்தான் ஆகும். கழிக்கரைக்கே வந்து எழுத ஒருவர் வேண்டியிருந்தது.

அவர்தான் ஃபிரான்சிஸ் டே. 1829இல் பிறந்தவர், சென்னை ராணுவ மருத்துவப் பணியில் 1852இல் சேர்ந்தவர். கொச்சியில் அரசு மருத்துவராக இருந்த காலத்தில் அந்த ஊரைப் பற்றி 1863இல் ஒரு நூல் எழுதினார். 'பெருமாள்களின் நாடு' என்பது தலைப்பு. அடுத்து 1865இல் 'மலபார் மீன்கள்' வெளிவந்தது. கொச்சிச் சந்தையும் காயலும்தான் அவருக்குப் பள்ளிக்கூடம். பின்னாளில் இந்திய அரசின் மீன்வளத் தலைமை ஆய்வாளராகி நாடு முழுக்கச் சுற்றி, 1875 முதல் 1878 வரை 'இந்திய மீன்கள்' என்ற பெருநூலை வெளியிட்டார். அந்த நூலில் ஒவ்வொரு மீனுக்கும் கீழே தமிழ், மலையாளம், தெலுங்கு என்று உள்ளூர்ப் பெயர்களைக் கொடுத்துக்கொண்டே போகிறார். வேறு மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு மீன்களின் தமிழ்ப் பெயர் மறந்துபோனால், ஒரு வெள்ளைக்கார டாக்டரின் புத்தகத்தில் தேடி எடுக்கலாம் என்ற நிலை. அவர் சேர்த்த மீன் சீசாக்கள் கல்கத்தா, லண்டன், நெதர்லாந்தின் லைடன் எனச் சிதறிக் கிடக்கின்றன. ஒரு பெரும் பகுதி 1883இல் விலைக்குப் போய் ஆஸ்திரேலியாவின் சிட்னி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லண்டன் அருங்காட்சியகத்து மீன் அறிஞர் குந்தருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பார்கள். அறிஞர்கள் சண்டை எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

டே வெறும் பெயர்ப் பட்டியல் போடவில்லை. இதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். கொள்ளிடத்தில் அணை கட்டிய ஆர்தர் காட்டனே, 1860களின் பிற்பகுதியில், அணைகள் கடலிலிருந்து ஆற்றில் ஏறி முட்டையிடும் மீன்களைத் தடுக்கின்றனவோ என்ற கேள்வியைக் கிளப்பினார். உல்லம் மீன் அப்படிப்பட்டது. இந்த விஷயத்தை ஆராயும் பொறுப்பு டேயிடம் வந்தது. அணைகள், குஞ்சையும் விடாத சிறுகண் வலைகள், ஆற்றில் விஷம் கலப்பது இவையெல்லாம் மீனை அழிக்கின்றன என்று 1873 அறிக்கையில் எழுதினார். வெடியும் விஷமும் போட்டு மீன் பிடிப்பதைத் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது 1897இல். அதைப் பார்க்க டே உயிரோடு இல்லை, 1889இலேயே காலமாகிவிட்டார்.

கழியில் கணக்கெடுப்பது எப்படி என்று இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். கடையில் இருப்பு எடுப்பது போலத்தான், ஆனால் சரக்கு நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும் கடை. அதனால் கடல்வாயிலிருந்து மேலே வரை சில இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே கண் அளவுள்ள வலை, ஓதத்தின் அதே நிலை என்று பிடிக்க வேண்டும். அமாவாசை ஓதத்தையும் அஷ்டமி ஓதத்தையும் சேர்த்துக் குழப்பினால் கணக்கு போயே போச்சு. நீரின் உப்பு, வெப்பம், ஆக்சிஜன் மூன்றையும் உடன் எழுத வேண்டும். அடிச்சேற்றை அள்ளி அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் கழுவினால் புழு, சிறுசிப்பி எல்லாம் தங்கும். மீனுக்குச் சோறு அதுதான். கரையில் அலையாத்தி மரம் நிற்கிறதா, கல்சுவர் எழுந்துவிட்டதா என்பதும் ஏட்டில் ஏற வேண்டும். கடைசியாக மீனவரிடம் கேட்பது. என்னைக் கேட்டால் அதை முதலில் வைப்பேன்.

நம் நாட்டு அறிஞர்கள் இதைச் சிறப்பாகச் செய்த இடம் சென்னை. கோட்டயத்தில் பிறந்த கேசவப் பணிக்கரும், சென்னைப் பல்கலைக்கழகத்து கோபால ஐயரும் சேர்ந்து அடையாறு, கூவம் முகத்துவாரங்களின் உவர்நீர் உயிர்களை ஆராய்ந்து 1937இல் வெளியிட்டார்கள். கூவத்தில் எண்ணுவதற்கு உயிர்கள் இருந்த காலம்! அடையாற்றுக் கழியின் ஒரு பகுதியைச் சீர்செய்து 2011இல் பூங்காவாகத் திறந்தபோது அதற்குத் தொல்காப்பியர் பெயரையே வைத்தார்கள். மரபியலை நினைத்து வைத்தார்களோ என்னவோ, பெயர் பொருத்தம்தான்.

மறுபடி பெரியாற்றுக்கு வருவோம். டே எழுதிய கொச்சிக் கழி இன்று இல்லை. அவர் காலத்தில் கடல்வாயில் மணல்திட்டு மறித்துக் கிடந்தது. பிரிஸ்டோ என்ற பொறியாளர் அதை வெட்டி வழிவிட்டு, 1928இல் பெரிய கப்பல் உள்ளே வந்தது. தோண்டிய மண்ணில் எழுந்ததுதான் வில்லிங்டன் தீவு. கீழே உப்பு நுழையும் வாசல் இப்படி மாறியது என்றால், மேலே நன்னீர் வரும் வாசலும் மாறியது. 1895 முதல் முல்லைப்பெரியாறு நீர் கிழக்கே வைகைப் பக்கம் போகிறது. முதிரப்புழையில் பள்ளிவாசல் தொடங்கி வரிசையாக மின் நிலையங்கள். 1976இல் திறந்த இடுக்கித் திட்டம் பெரியாற்று நீரை மூலமற்றம் வழியாக மூவாற்றுப்புழைக்குத் திருப்பிவிட்டது. மழைக்கு வர வேண்டிய நீர் அணையில் நின்று கோடையில் வருகிறது. ஒவ்வொன்றும் தேவைக்காகக் கட்டியதுதான். அவற்றால் வாழ்ந்த குடும்பங்களில் நம்மவை ஏராளம், குறை சொல்ல நாக்கு வராது. ஆனால் ஒவ்வொன்றும் கழியின் உப்புக் கணக்கில் கை வைத்தது.

இதனால் சங்கடப்படும் உயிர்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். விலாங்கு மலையாற்றில் பல வருஷம் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கு இறங்கும். கண்ணாடி போன்ற அதன் குஞ்சுகள் ஓதத்தோடு கழிக்குள் வந்து மேலே ஏறும். அணை அதற்குச் சுவர். ஆற்றுக்கொஞ்சும் ஏறக்குறைய அப்படித்தான்: வளர்வது நன்னீரில், குஞ்சு பிழைப்பது உவர்நீரில். கொச்சிக் காயலின் தென்பகுதியான வேம்பநாட்டில், உப்பைத் தடுத்து நெல்லைக் காக்க 1970களில் முடித்த தண்ணீர்முக்கம் தடுப்பணை மூடியிருக்கும் மாதங்களில் அந்தத் தாய்க்கொஞ்சு உவர்நீருக்கு இறங்க முடிவதில்லை.

2024 மே மாதம் ஏலூர், வராப்புழைப் பக்கம் பெரியாற்றில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். ஆலைக் கழிவுதான் காரணம் என்றார்கள் மீனவர்கள். பாதாளம் தடுப்பின் மதகைத் திறந்தபோது ஆக்சிஜன் குறைந்த நீர் பாய்ந்துவிட்டது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். யார் சரி என்பதை விடுங்கள். கூண்டில் கரிமீனும் கொடுவாவும் வளர்த்தவர்கள், இத்தனை குஞ்சு விட்டேன், இத்தனை போயிற்று என்று கேட்க முடிந்தது. கூண்டுக்கு வெளியே, ஆற்றில் தானாக வாழ்ந்து செத்தவற்றுக்கு யார் ஏடு காட்டுவது? முந்தின வாரம், முந்தின வருஷம் அதே இடத்தில், அதே ஓதத்தில் எத்தனை வகை, எத்தனை உருப்படி என்ற இருப்பு எழுதியிருந்தால்தான் நஷ்டம் இவ்வளவு என்று வாதாட முடியும். இருப்பு ஏடு இல்லாத கடையில் களவு போனால் போலீசும் என்ன எழுதிக்கொள்ளும்?

வேம்பநாட்டில் அந்த ஏடு தொடங்கியிருக்கிறது. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட 'ஏட்ரீ' என்ற ஆய்வு நிறுவனம் 2008 முதல் ஆண்டுதோறும் அங்கே மீன் கணக்கெடுப்பு நடத்திவருகிறது. மாணவர்கள், ஆய்வாளர்கள், தொண்டர்கள், மீனவர்கள் எல்லாம் படகுகளில் பிரிந்து போய், வலையில் வந்ததை இனம் பிரித்து எழுதுகிறார்கள், நீரையும் சோதிக்கிறார்கள். மீனின் பெயர் தெரியாமல் படித்த பிள்ளைகள் திகைக்கும்போது வலைக்காரர்தான் சொல்லிக்கொடுக்கிறார். தரங்கம்பாடி ஜானுக்கும் கொச்சி டேக்கும் பெயர் சொல்லிக்கொடுத்தவர்களுடைய வம்சம் அது. இந்த முறை அவர்களும் படகில் உட்கார்ந்து எண்ணுகிறார்கள்.