ராஜனி திராணகம

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவி ராஜனி திராணகம, 1989ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆம் நாள், திருநெல்வேலியில் சைக்கிளில் வீடு திரும்புகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35.

இங்கிலாந்தில் மேற்படிப்பை முடித்த அவர், இயன்றோரெல்லாம் ஊரைவிட்டு ஏகிய காலத்தில் ஊருக்கு மீண்டவர். போரால் நிர்க்கதியான பெண்களுக்குப் 'பூரணி' இல்லம் அமையத் துணைநின்றார். 1987ஆம் ஆண்டுப் போரில் துயருற்ற பெண்களின் வாய்மொழிகளைக் கேட்டு எழுதினார். சகாக்கள் மூவருடன் அவர் ஆங்கிலத்தில் ஆக்கிய 'முறிந்த பனை'யில் அவை இடம்பெற்றன. அந்நூல் அரசையோ, இந்தியப் படையையோ, நம்மவர் இயக்கங்களையோ விட்டுவைக்கவில்லை.

சரித்திரமென்றால் தளபதிகளின் பெயர்களே என்று மாணவர்க்குப் பல்லாண்டு கற்பித்தவன் யான். பெயர் குறிக்கப்படாத அப்பெண்களின் சாட்சியங்களைப் படித்தபின், என் பாடக்குறிப்புக்களைத் திருத்தி எழுதலானேன்.