குபியோ நகரின் மெழுகுத்திரித் திருவிழா

இத்தாலி நாட்டின் நடுவே உம்பிரியா என்னும் மலைப்பகுதி உள்ளது. அங்கே இஞ்ஞீனோ மலைச் சரிவில், படிப்படியாக எழுந்து நிற்கும் பழைய கல்லூர் குபியோ. ஆண்டுதோறும் மே மாதம் 15-ஆம் நாள், இவ்வூரார் தங்கள் காவற்புனிதராகிய உபால்டோவுக்கு விழா எடுக்கின்றனர். அவ்விழாவில் மூன்று குழுவினர் பெருஞ்சுமைகளைத் தோளில் தாங்கி மலைமேல் ஓடுகின்றனர். ஆனால், முதலில் செல்வது யார், கடைசியில் செல்வது யார் என்பது ஓட்டம் தொடங்குமுன்பே முடிவானது. முந்த இயலாத ஓட்டத்தை இவ்வளவு முனைப்புடன் ஓடுவானேன்? இவ்வினாவுக்கு விடை அவ்வூரின் வரலாற்றில் இருக்கிறது.

மேற்றிராணியார் உபால்டோ

உபால்டோ குபியோவிலேயே பிறந்தவர்; 1129-இல் அந்நகரின் மேற்றிராணியார் ஆனவர். அவருடைய பொறுமையைப் பற்றி அவர் வரலாற்றை எழுதியோர் ஒரு நிகழ்ச்சியைக் கூறுவர். நகர மதில் கட்டும் வேலையால் திராட்சைத் தோட்டம் ஒன்று பாழாவதைக் கண்டு அவர் தடுத்துச் சொன்னார். சினங்கொண்ட கொத்தன் ஒருவன் அவரைப் பிடித்துச் சுண்ணாம்புச் சாந்தில் தள்ளிவிட்டான். ஊரார் கொதித்தெழுந்து அவனைத் தண்டிக்க முற்பட்டபோது, உபால்டோ அவனை மன்னித்து விடுவித்தார் என்பது அச்செய்தி.

அக்காலத்தில் இத்தாலிய நகரங்கள் ஒன்றோடொன்று ஓயாது போரிட்டன. பெரூஜியா முதலிய நகரங்கள் கூட்டாகக் குபியோவைத் தாக்கியபோது, நகரைக் காத்தது மேற்றிராணியாரின் மன்றாட்டே என மக்கள் நம்பினர். 1155-இல் பேரரசன் முதலாம் பிரெடரிக் ஸ்பொலேட்டோ நகரை அழித்துவிட்டுப் படையுடன் வந்தான். முதுமையுற்ற உபால்டோ அவனை எதிர்கொண்டு பேசி, தம் நகரை அந்தக் கதியிலிருந்து மீட்டார் என்பர். 1160-ஆம் ஆண்டு மே 16-இல் அவர் மறைந்தார். 1192-இல் போப்பாண்டவர் மூன்றாம் செலஸ்தீன் அவரைப் புனிதராக அறிவித்தார். 1194-இல் அவர் உடல் மலைமேல் கொண்டு செல்லப்பட்டது. இன்றும் அங்குள்ள பேராலயத்தில் அது கண்ணாடிப் பேழையில் வைக்கப்பட்டுள்ளது.

மெழுகு மரமானது

விழாவில் சுமக்கப்படுபவற்றுக்குச் ‘சேரி’ என்று பெயர். இத்தாலிய மொழியில் இது ‘பெரிய மெழுகுத்திரிகள்’ எனப் பொருள்படும். புனிதரின் நாளுக்கு முந்திய மாலையில் நகரத்துத் தொழிற்சங்கத்தார் மெழுகைக் காணிக்கையாகக் கொண்டு செல்வது பழைய வழக்கம். 1338-ஆம் ஆண்டின் நகரச் சட்டத் தொகுப்பு இக்காணிக்கை முறையைக் குறிக்கிறது. காலப்போக்கில் மெழுகு போய் மரம் வந்தது. இன்றுள்ளவை எண்கோண வடிவில் ஒன்றன்மேல் ஒன்றாக எழும் உயர்ந்த மரத் தூண்கள். ஒவ்வொன்றும் சுமப்பதற்கான மரச்சட்டத்துடன் ஏறத்தாழ 280 கிலோ எடையுள்ளது. கொத்தர்களுக்குரிய தூணின் உச்சியில் உபால்டோவும், வணிகர் கைவினைஞர்களின் தூணில் புனித ஜார்ஜும், உழவர்களின் தூணில் புனித அந்தோணி வனத்தந்தையும் வீற்றிருப்பர்.

ஆராய்ச்சியாளரின் வழக்கு

இவ்விழா கிறிஸ்தவ சமயத்திற்கும் முந்தியது என்று வாதிடுவோர் உளர். 1444-இல் கிடைத்ததாகக் கூறப்படும் ஏழு வெண்கலத் தகடுகள் இந்நகரின் அருஞ்செல்வம். பண்டைய உம்பிரிய மொழியின் மிகப் பெரிய சான்று அவையே. நகர மக்களைச் சுற்றிவந்து தூய்மைப்படுத்தும் சடங்குகளும் பலிகளும் அவற்றில் விரிவாகக் கூறப்படுகின்றன. அவற்றில் வரும் ஒரு தெய்வப் பெயர் ‘சேரி’ என்னும் சொல்லோடு ஒலியால் ஒத்திருப்பதை இவ்வாதத்தினர் சான்றாகக் காட்டுவர். ஆனால் ஒலியொப்புமை ஒன்றே உறவுக்குச் சான்றாகாது என்பது மொழிநூல் கற்றோர் அறிந்ததே. தகடுகளில் இத்தகைய தூண்களைப் பற்றிய பேச்சில்லை. மெழுகுக் காணிக்கைக்கோ நகரச் சட்டமே சான்று பகர்கிறது. எனவே மெழுகிலிருந்தே மரத் தூண் வந்தது எனக் கொள்வதே பொருந்தும். மலையை நோக்கிய ஊர்வலத்தில் தொன்மையான நினைவு கலந்திருக்கலாம் என்பதை மட்டும் அடியோடு மறுப்பதற்கில்லை.

விழா நாள்

அன்று நண்பகலில் பெருஞ்சதுக்கத்தில் தூண்கள் நிமிர்த்தப்படுகின்றன. நிமிர்த்துமுன் தலைவர்கள் மட்குடத்து நீரைச் சட்டத்தின்மேல் ஊற்றிக் குடத்தை வீசியெறிவர். அதன் ஓட்டுத்துண்டு நற்பேறு தருமென்று மக்கள் முண்டியடித்து எடுப்பர். மஞ்சள், நீலம், கறுப்புச் சட்டையணிந்த மூன்று குழுவினரும் மாலையில் ஓட்டத்தைத் தொடங்குகின்றனர். தெருக்களைக் கடந்து செங்குத்தான மலைப்பாதையில் ஏறுகையில், தூண் நில்லாமலே தோள்கள் மாறுகின்றன. உச்சியில் உபால்டோவின் குழுவினர் முதலில் உட்புகுந்து, பின்வருவோர் நுழையுமுன் கதவை அடைக்க முயல்வர்.

ஓட்டத்தின் பொருள்

உபால்டோ, ஜார்ஜ், அந்தோணி என்னும் வரிசை மாறுவதில்லை. ஆகவே, தூண் சாயாமல் சென்றதா, விழுந்ததா, இடைவெளி விழாமல் பின்தொடர்ந்ததா என்பவையே பெருமையும் இழிவும் ஆகின்றன. தன் கூட்டத்தார் தோள்மாற்றத் தவறாமல் நிற்பதே ஒவ்வொருவனின் கடமை. போட்டி மனப்பான்மை இங்கே அழிக்கப்படவில்லை. ஊரைப் பிளக்காதபடி கட்டுக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. அண்டை நகரங்களின் பகையால் அலைக்கழிந்த ஊருக்கு இஃது எளிய பாடமன்று. ஒரு காலத்தில் புனிதரைச் சாந்தில் தள்ளிய கொத்தனின் தொழிலாரே இன்று அவரை முன்னே சுமந்து செல்வதும் எண்ணத்தக்கது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திற்கு நிலக்கரிச் சுரங்க வேலைக்குச் சென்ற குபியோ மக்கள், ஜெசப் என்னும் ஊரில் இவ்வோட்டத்தை நடத்தத் தொடங்கினர். 1973-இல் உம்பிரிய மாநிலம் மூன்று தூண்களையே தன் சின்னமாகக் கொண்டது. கொள்ளை நோயினால் 2020, 2021 ஆகிய இரண்டாண்டுகளும் ஓட்டம் நிகழவில்லை. 2022-இல் மீண்டும் தூண்கள் மலையேறின. அப்போதும் வரிசை மாறவில்லை.